கடைசி ஆளுக்குப் பின்னால்

பத்தொன்பது பேரும் புறப்பட்டுப் போனபின்
என் வேலை தொடங்கும்.
கடைசி சைக்கிளுக்குப் பின்னால் போக வேண்டும்.
நேற்று மாலை நானே மரம் மரமாகக் கட்டிய
மஞ்சள் அம்புகளை
ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பையில் போட வேண்டும்.
நான் கடந்த பிறகு அந்தப் பாதை
வெறும் சாலை.

கஷூபியா. போலந்தின் வடக்கு.
என்றோ ஒரு பனிப்பாறை
இழுத்து வந்து போட்டுவிட்டுப் போன மேடுகள்,
நடுநடுவே ஏரிகள்,
மிச்சமெல்லாம் பைன்.
பெரிய மலை என்று ஒன்றும் கிடையாது.
தொண்ணூற்றாறு கிலோமீட்டரில்
ஆயிரத்து நூறு மீட்டர் ஏற்றம்;
அதை ஒரே தொகையாகக் கேட்காது,
நாற்பதும் ஐம்பதுமாக
நாளெல்லாம் கைமாற்று கேட்கும்.

இந்த வருடத்துக் கடைசி ஆள் ப்ரிகிடா.
தபால்காரி.
வாரம் ஐந்து நாள் இதே சாலையில்
சிவப்பு வேன் ஓட்டுகிறவள்.
முதல் ஏற்றத்தின் பாதியில் இறங்கி நின்று
"இந்த மேடு இங்கே இல்லவே இல்லையே" என்றாள்.
"பதினோரு வருஷம். ஒரு நாள்கூட இருந்ததில்லை."
யாரிடமோ புகார் கொடுக்கப் போகிறவள் போலத்
திரும்பிக் கீழே பார்த்தாள்.

மூன்றாவது ஏற்றத்தில்
பெயர் வைக்க ஆரம்பித்தாள்.

இது ஓய்வூதிய மேடு.
மேலே நான்கு வீடு; பத்தாம் தேதியென்றால்
நான்கு கதவும் திறந்திருக்கும்.
இது வழக்கு மேடு.
அண்ணன், தம்பி, நடுவில் ஒரு வேலி,
மாதம் தவறாமல் ஒரு பதிவுத் தபால்.
இது ஹாம்பர்க்.
அங்கிருந்து அவன் எழுதிக்கொண்டே இருக்கிறான்.
இவள் கையெழுத்துப் போட்டு வாங்கி
பிரிக்காமல்
விறகுப் பெட்டிமேல் வைக்கிறாள்.
எரிப்பதில்லை.

நான் கடிகாரம் பார்த்தேன்.
ஐந்து மணிக்குப் பள்ளிக்கூட முற்றத்தில்
எல்லோருக்கும் சூப்.
சாலையோரம் ஜாடியில் காளான் விற்ற பெண்
"ஞாயிற்றுக்கிழமையுமா தபால்?" என்று கேட்க,
இவள் மறுபடி இறங்கினாள்.
இறக்கங்களில் மட்டும் பேச்சில்லை.
பழைய கான்கிரீட் பலகைச் சாலை
பற்களைத் தனித்தனியாக எண்ணியது;
மரங்களுக்கிடையே ஏரி
தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது.

எண்பத்தோராவது கிலோமீட்டரில் சாலை பிரிகிறது.
நான் வலப்பக்கம் காட்டிக் கட்டிய அம்பு
இடப்பக்கம் காட்டிக்கொண்டிருந்தது.
காற்றோ, உடம்பைத் தேய்த்த மானோ,
பள்ளிக்கூடப் பையனோ.
மணலில் டயர்த் தடங்கள்,
ஒன்று விடாமல் இடப்பக்கம்.

"அங்கே யாருக்கும் முகவரி கிடையாது" என்றாள்.
"சாலை நேரே ஏரிக்குள் இறங்கிவிடும்."

வலப்பக்கம் பதினைந்து கிலோமீட்டர்,
அதன் முடிவில் ஆளில்லாத கோடு, சூடான சூப்,
முதலாவதாக வருகிற ஒருத்தி.
நான் சொல்லவில்லை.
அவளுக்குத் தெரிந்திருந்தது.
கியரை ஒரு முறை மாற்றினாள்.
திரும்பவும் மாற்றினாள்.
கீழே எங்கோ
தண்ணீரில் யாரோ தொப்பென்று விழும் சத்தம், சிரிப்பு.

"பதினெட்டுப் பேர் ஒரே இடத்தில்,
ஒருத்தருக்கும் தபால் இல்லை."
பிரேக்கை விட்டாள்.

மரப்பாலத்தில் சைக்கிள்கள் கிடந்தன.
கிளைகளில் சட்டைகள்.
கழுத்தளவு தண்ணீரில் எங்கள் தலைவர் லேயோன்,
செல்போன் வேண்டாம், அம்பு போதும் என்று
வருடா வருடம் மேஜையைத் தட்டுகிறவர்,
"பாதை எங்கே?" என்று கத்தினார்.
"பையில்" என்றேன்.

ப்ரிகிடா ஷூவோடு இறங்கிவிட்டாள்.

திரும்பி வரும் ஏற்றம் கூரை போல் நின்றது.
பத்தொன்பது பேரும் சொட்டச் சொட்டத்
தள்ளிக்கொண்டு நடந்தோம்.
"இதற்கு என்ன பெயர்?" என்று கேட்டேன்.
மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்:
"திங்கட்கிழமை வேனில் வந்து
இருக்கிறதா என்று பார்க்கிறேன்.
பிறகு வைக்கலாம்."